தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு எடுத்துச் செல்ல, மாவுச்சத்து குறைந்த காய்கறிப் பதார்த்தம் ஒன்றை ஓவனில் எப்படிச் செய்வது?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் வசிக்கிறார். சர்க்கரை நோய்க்காக மாவுச்சத்தை, அதாவது சர்க்கரையும் அடங்கிய கார்போஹைட்ரேட்டை, குறைத்து உண்பவர். தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நவிலும் பண்டிகை நாளான நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை அலுவலக நண்பர் வீட்டு விருந்துக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்களாம். தானும் வயிறார உண்ண வேண்டும், மற்றவர்களும் விரும்பி எடுத்துக்கொள்ள வேண்டும், அப்படி ஒரு காய்கறிப் பதார்த்தம் வேண்டும் என்கிறார். எனக்கும் சர்க்கரை உண்டு. ஒஹாயோ மாநிலத்தில் இத்தகைய விருந்துகள் ஒன்பதுக்கு இதே கவலையோடு பாத்திரம் சுமந்து சென்றிருக்கிறேன். முதல் விருந்தில் பட்ட அவமானமும் அதற்குப் பின் கற்றுக்கொண்டவையும்தான் இந்தப் பதில்.

நான் இப்போது ஆண்டுதோறும் எடுத்துச் செல்வது பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸும் காலிஃபிளவரும் சேர்ந்த ஒரு பதார்த்தம். சிறு உருண்டை முட்டைக்கோஸ் போலிருக்கும் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸுக்கு எங்கள் வீட்டில் குட்டிக் கோஸ் என்று பெயர் வைத்துவிட்டோம்; இங்கும் அப்படியே எழுதுகிறேன். இரண்டையும் அதிகச் சூட்டில் தனித்தனித் தட்டுகளில் விளிம்பு கருகும் அளவுக்கு வாட்டி, சேஜ் என்ற மூலிகை இலை போட்டுச் சிவக்கக் காய்ச்சிய வெண்ணெயையும், வால்நட் போன்ற பீக்கன் பருப்பை வறுத்ததையும், கிரான்பெர்ரி என்ற புளிப்பான சிவப்புப் பழத்தைப் புதிதாகவும் சேர்க்க வேண்டும். எட்டுப் பேருக்குப் பரிமாறினால் ஆளுக்கு, நார்ச்சத்தைக் கழித்த பிறகு, ஏறத்தாழ 8 கிராம் மாவுச்சத்து வரும். அதே மேசையில் இருக்கும் மசித்த உருளைக்கிழங்கில் ஒரு கப் எடுத்துக்கொண்டால் 30 கிராமுக்கு மேல் வரும்.

அந்த மேசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வான்கோழி மாமிசத்தால் நமக்குத் தொல்லை இல்லை. அதைச் சுற்றி அணிவகுத்து நிற்பவற்றால்தான் தொல்லை. ரொட்டித் துண்டுகளில் செய்யும் ஸ்டஃபிங், உருளைக்கிழங்கு மசியல், மார்ஷ்மெல்லோவை மேலே பரப்பிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சோளரொட்டி, கிரான்பெர்ரி சாஸ், மைதா கரைத்துக் கெட்டியாக்கிய கிரேவி, கடைசியில் பூசணி வைத்துச் சுட்ட ‘பை’ (pie) என்ற இனிப்பு. காய் என்று நம்பி ஒருவர் கை நீட்டக்கூடியது கிரீன் பீன் கேசரோல் ஒன்றுதான். 1955இல் கேம்பெல் சூப் நிறுவனத்தின் சமையற்கூடத்தில் டார்க்கஸ் ரைலி என்ற பெண்மணி உருவாக்கிய பதார்த்தம் அது. பீன்ஸ் என்னவோ நல்ல காய்தான்; ஆனால் அதோடு சேரும் டப்பா காளான் சூப்பில் மாவு இருக்கிறது, மேலே தூவும் பொரித்த வெங்காயத்திலும் மாவு இருக்கிறது. எனவே நாம் கொண்டு போகும் பாத்திரம்தான் அன்று நம் தட்டின் பெரும்பகுதியை நிரப்பப் போகிறது என்ற எண்ணத்தோடு அளவைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

காய்களைத் தேர்ந்தெடுப்பதில் கணக்கு எளிது. 100 கிராம் பச்சைக் காயில் நார்ச்சத்து போக எஞ்சும் மாவுச்சத்து காலிஃபிளவரில் சுமார் 3 கிராம், குட்டிக் கோஸில் 5, கேரட்டிலும் பீட்ரூட்டிலும் 7, பட்டர்நட் பூசணியில் 10, உருளைக்கிழங்கில் 15, சர்க்கரைவள்ளியில் 17. பார்ஸ்னிப் என்று வெள்ளைக் கேரட் போல ஒன்று இந்தப் பருவத்தில் கடையில் குவிந்திருக்கும், அது 13. தோற்றத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். நிறத்துக்காக ஒரே ஒரு கேரட்டை நறுக்கிப் போடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. அதற்காக என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு கேரட்டை எட்டுப் பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

உண்மையில் மாவுச்சத்து ஒளிந்திருப்பது காயில் அன்று, அதன் மேல் ஊற்றும் பாகில். நவம்பர் மாதத்தில் கண்ணில் படும் குட்டிக் கோஸ் செய்முறைகளில் பெரும்பாலானவை மேப்பிள் சிரப் என்ற மரப்பாகில் கால் கப்பையும் கால் கப் உலர்ந்த கிரான்பெர்ரியையும் சேர்க்கச் சொல்லும். அந்தச் சிரப்பில் ஐம்பது கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. உலர்ந்த கிரான்பெர்ரியை இயல்பான புளிப்போடு யாரும் உண்ண மாட்டார்கள் என்பதால் அதைச் சர்க்கரையில் ஊறவைத்தே விற்கிறார்கள். கால் கப்பில் மாவுச்சத்து முப்பது கிராம் அளவுக்கு வந்துவிடும். இரண்டையும் கூட்டினால், நான் கீழே சொல்லும் அளவில் உள்ள காய்கள் அனைத்திலும் சேர்த்து இருக்கும் மாவுச்சத்தைவிட அதிகம். காயைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, பாகில் கோட்டைவிடுவது இப்படித்தான் நடக்கிறது. பால்சாமிக் வினிகரிலும் சர்க்கரை உண்டு. ஒரு மேசைக்கரண்டிக்கு 3 கிராம் என்பதால் அளவாக விட்டால் பாதகமில்லை. அதையே சுண்டக் காய்ச்சிப் பாகாக்கி ஊற்றும்போது கணக்கு மாறிவிடும்.

இனி அந்த முதல் விருந்து. ஒரு பெரிய தட்டில் மூன்று பவுண்டு குட்டிக் கோஸைக் கழுவிய ஈரத்தோடு கொட்டி, எண்ணெய் தெளித்து, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் ஓவனில் வைத்து எடுத்தேன். சூடு ஆறக் கூடாதே என்று அலுமினியத் தாளால் இறுக மூடி, நாற்பது நிமிடம் காரில் எடுத்துச் சென்றேன். விருந்து வீட்டில் தாளைப் பிரித்தபோது எழுந்த வாசனையை நான் விவரிக்க வேண்டியதில்லை. முட்டைக்கோஸைக் குக்கரில் வைத்துவிட்டு மறந்துபோனவர்களுக்கு அது தெரியும். நிறம் மங்கி, தொட்டால் நசுங்கும் பச்சை உருண்டைகள். விருந்தினர்கள் நாகரிகம் அறிந்தவர்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டார்கள். மீதியை அப்படியே திரும்ப எடுத்து வந்தேன்.

நடந்தது என்னவென்று பிற்பாடுதான் புரிந்தது. குட்டிக் கோஸில் 86 விழுக்காடும் காலிஃபிளவரில் 92 விழுக்காடும் தண்ணீர். தண்ணீர் இருக்கும் வரை காயின் மேற்புறம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டி எளிதில் ஏறாது. காய் சிவந்து, கொட்டை வறுத்ததைப் போன்ற மணம் வருவதற்கோ மேற்புறம் 140 டிகிரி வாக்கில் போக வேண்டும். 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் விவரித்த அந்த வினைதான் தோசையின் முறுகலுக்கும், காபிக்கொட்டையின் மணத்துக்கும், இந்தப் பதார்த்தத்தின் உயிருக்கும் காரணம். தட்டில் காய்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தால் ஒன்றிலிருந்து எழும் ஆவி மற்றொன்றை நனைத்துக்கொண்டே இருக்கும். ஓவனில் வைத்தாலும் அது இட்லிப் பானையில் வேகும் கதைதான். கோஸ் குடும்பத்துக் காய்கள் அப்படி நெடுநேரம் வெந்தால் கந்தக நாற்றம் கிளம்பும். இத்தனைக்கும் வெண்டைக்காயைக் கழுவித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்த பிறகே நறுக்க வேண்டும் என்பதை என் அம்மா எனக்குப் பத்து வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த அறிவை வெண்டைக்காயோடு நிறுத்திக்கொண்டது என் பிழை.

ஆகவே எட்டுப் பேருக்கு இப்படிச் செய்யுங்கள். குட்டிக் கோஸ் இரண்டு பவுண்டு, அதாவது 900 கிராம். நடுத்தர அளவில் ஒரு காலிஃபிளவர், பூவாகப் பிரித்தால் 600 கிராம் தேறும்படி. இரண்டையும் முந்தைய நாள் இரவே கழுவி, உலர்ந்த துண்டில் பரப்பி, நன்றாக ஈரம் போன பிறகு குளிர்பதனப் பெட்டியில் மூடாமல் வைத்துவிடுங்கள். அந்தப் பெட்டியின் வறண்ட காற்று எஞ்சிய ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மறுநாள் குட்டிக் கோஸின் அடிக்காம்பைச் சீவி, பழுத்த இலைகளை நீக்கி, நெடுக்கில் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டும்போது உதிரும் பச்சை இலைகளைக் குப்பையில் போடாதீர்கள். அவை ஓவனில் அப்பளம் போல நொறுங்கும், எங்கள் வீட்டில் அதற்குத்தான் போட்டியே. காலிஃபிளவர்ப் பூக்களுக்கும் ஒரு பக்கமாவது தட்டையான முகம் இருக்கும்படி வெட்டுங்கள். தட்டையான முகம் தட்டில் ஒட்டி உட்கார்ந்தால்தான் சிவக்கும்.

பதினெட்டுக்குப் பதின்மூன்று அங்குலமுள்ள, விளிம்பு தாழ்ந்த அலுமினியத் தட்டுகள் இரண்டு வேண்டும். உயரமான கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம். அதன் சுவர் ஆவியை உள்ளேயே தேக்கிவிடும். ஓவனை 425 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 220 செல்சியஸுக்குச் சூடாக்கும்போதே வெறும் தட்டுகளையும் உள்ளே வைத்துவிடுங்கள். தோசைக்கல் காயாமல் மாவு ஊற்றுவோமா? ஒவ்வொரு காயையும் தனித்தனியே இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயும், முக்கால் தேக்கரண்டி உப்பும், மிளகுத் தூளும் சேர்த்துப் பிசறி, சூடான தட்டில் வெட்டிய முகம் கீழே இருக்கும்படி, ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். தட்டில் காய் விழும்போது சுர்ரென்ற ஓசை கேட்க வேண்டும். குட்டிக் கோஸுக்கு 22 முதல் 25 நிமிடம் ஆகும். அதை இடையில் கிளறவே வேண்டாம். காலிஃபிளவருக்கு இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகும். பாதியில் ஒருமுறை புரட்டலாம். அப்போது மேல் தட்டைக் கீழேயும் கீழ்த் தட்டை மேலேயும் மாற்றி வையுங்கள். விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் 25 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். கடைசி எட்டு நிமிடம் இருக்கும்போது அரை கப் புதிய கிரான்பெர்ரியைக் குட்டிக் கோஸ் தட்டில் ஓர் ஓரமாகப் போட்டால், தோல் வெடித்துச் சாறு கசியும். சர்க்கரை சேர்க்காத அந்தப் பழத்தின் புளிப்பு, எலுமிச்சை பிழிந்தது போல் காயைத் தூக்கிக் கொடுக்கும்; பண்டிகை மேசைக்கு உரிய சிவப்பும் கிடைத்துவிடும். அரை கப்பில் மாவுச்சத்து 4 கிராம்தான்.

பூண்டு போட விரும்பினால் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். முன்னமே போட்டால் கருகிக் கசக்கும்.

அடுத்தது வெண்ணெய். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் இனிப்புப் பாகை நீக்கிய பிறகு பதார்த்தத்தில் தோன்றும் வெறுமையை நிரப்புவது இதுதான். உப்பில்லாத வெண்ணெய் 60 கிராமை வெளிர் நிறமுள்ள சிறு வாணலியில் மிதமான தீயில் உருக்குங்கள். முதலில் நுரைத்து, சடசடவென்று பேசும். அது வெண்ணெயில் இருக்கும் தண்ணீர் வெளியேறும் ஓசை. ஓசை அடங்கும் தறுவாயில் பதினைந்து சேஜ் இலைகளைப் போடுங்கள். சேஜ் என்பது அமெரிக்கரின் தேங்க்ஸ்கிவிங் வாசனை. ஸ்டஃபிங்கில் அதுதான் மணக்கும், எனவே உங்கள் பதார்த்தம் அந்த மேசைக்கு அந்நியமாகத் தோன்றாது. இலை முறுகி, அடியில் படியும் பால் துகள்கள் பொன்னிறம் கடந்து வேர்க்கடலைத் தோலின் நிறத்துக்கு வந்தவுடன் அடுப்பை அணைத்து, உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். வாணலியின் சூட்டிலேயே விட்டால் அரை நிமிடத்தில் கருகிவிடும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நவம்பரில் எங்களோடு தங்கியிருந்த அம்மா இதை அருகில் நின்று பார்த்தார். "ஏம்பா, இது வெண்ணெய் காய்ச்சறதுதானே? முருங்கைக்கீரைக்குப் பதிலா இதைப் போடறே" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நெய் காய்ச்சும்போது பதம் பார்க்க முருங்கை இலையைக் கிள்ளிப் போட்டு, அடியில் தங்கும் கசண்டைச் சோற்றில் பிசைந்து குழந்தைகளுக்குக் கொடுப்போமல்லவா? அந்தக் கசண்டை வடிகட்டாமல் அப்படியே வைத்துக்கொள்வதுதான் இந்த வெண்ணெய். முருங்கை இலை போட்டும் ஒருமுறை செய்து பார்த்தேன். வீட்டில் உண்ண அருமை, ஆனால் விருந்துக்குச் சேஜ்தான் பொருத்தம். பீக்கன் பருப்பு அரை கப்பை ஓவனில் 350 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் தனியாக வறுத்து, உடைத்துச் சேருங்கள். அதில் பெரும்பகுதி கொழுப்பும் நாரும்தான். மொத்தப் பதார்த்தத்துக்கும் 2 கிராமுக்குச் சற்று அதிகமாகவே மாவுச்சத்து கூடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, விருந்து உங்கள் வீட்டிலேயே என்றால் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. வான்கோழி 325 டிகிரியில் பல மணி நேரம் ஓவனை ஆக்கிரமித்திருக்கும். ஆனால் உட்பகுதி 165 டிகிரியைத் தொட்டு வெளியே வந்த பிறகு, சாறு அடங்குவதற்காக அதை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை வெட்டாமல் வைப்பார்கள். ஓவனை 425க்கு ஏற்றப் பத்துப் பதினைந்து நிமிடம், காய்க்கு அரை மணி நேரம். கணக்குச் சரியாகப் பொருந்திவிடும். பிறர் வீட்டுக்கு எடுத்துச் செல்வதாக இருந்தால், வீட்டில் முக்கால் பதத்துக்கு வாட்டி, தட்டிலேயே திறந்தபடி முழுவதும் ஆறவிட்டு, பிறகு பெட்டியில் அடுக்குங்கள். சூட்டோடு மூடினால் நான் முதல் ஆண்டு செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். வெண்ணெயை ஒரு சிறு கண்ணாடிக் குடுவையிலும் பருப்பை ஒரு பையிலும் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அவர்கள் ஓவனில் 425 டிகிரியில் ஆறேழு நிமிடம் வைத்தெடுத்து, உருக்கிய வெண்ணெயை ஊற்றிப் புரட்டி, மேலே பருப்பைத் தூவிவிடலாம். ஓவன் கிடைக்காது என்று முன்கூட்டியே தெரிந்தால் உங்கள் ஏர் ஃபிரையரைக் காரில் வைத்துக்கொண்டு போங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. மைக்ரோவேவை மட்டும் நாட வேண்டாம்.

குட்டிக் கோஸ் கசக்குமே என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 1990களில் நெதர்லாந்துப் பயிர் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கசப்புக்குக் காரணம் சினிக்ரின், புரோகோயிட்ரின் என்ற இரு பொருள்கள் என்று கண்டறிந்த பிறகு, விதை நிறுவனங்கள் பழைய ரகங்களில் கசப்பு குறைந்தவற்றைத் தேடியெடுத்து, விளைச்சல் தரும் ரகங்களோடு கலந்தன. இன்று கடையில் கிடைப்பது அந்தக் காலத்துக் குழந்தைகளை மிரட்டிய காய் அன்று. ஆனாலும் சிறியதாகவும் கெட்டியாகவும் இருப்பதைப் பொறுக்கி வாங்குங்கள். உறையவைத்த பொட்டலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே வெந்நீரில் போட்டெடுத்த காய் அது, உருகும்போது தண்ணீர் விடும்.

உருளைக்கிழங்கின் இடத்தை நிரப்ப முள்ளங்கியை வாட்டலாம் என்று பலர் எழுதுகிறார்கள். சிவப்பு முள்ளங்கியை இதே முறையில் வாட்டினால் காரம் அடங்கி, சாறோடு மென்மையாகும். மாவுச்சத்தும் 100 கிராமுக்கு 2 கிராம்தான். நல்ல காய்தான், ஆனால் உருளைக்கிழங்கு என்று சொல்லிப் பரிமாறினால் இரண்டுக்குமே அநியாயம் செய்ததாகும். காளானைச் சேர்ப்பதானால் தனியே அடுப்பில், வாணலியில் தண்ணீர் வற்றும் வரை வதக்கிக் கடைசியில் கலந்துகொள்ளுங்கள். காய்த் தட்டில் போட்டால் அது விடும் தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்துவிடும்.

மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு, விருந்தில் மாவுச்சத்தை வழக்கத்தைவிடப் பெரிதும் குறைத்தால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போகக்கூடும். மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் குட்டிக் கோஸில் வைட்டமின் கே மிகுதி என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அவர்கள் அதைத் திடீரென்று ஒரே நாளில் நிறைய உண்ணக் கூடாது. காலிஃபிளவரை மட்டுமே வைத்து இதைச் செய்துகொள்ளலாம்.

சமைத்த காயை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால், மீந்தது வெள்ளிக்கிழமைக் காலைக்கு ஆகும். வாணலியில் அதைக் கொட்டி, பச்சை மிளகாய் இரண்டைக் கீறிப் போட்டு, நன்றாகச் சூடேறியதும் நான்கு முட்டைகளை உடைத்து ஊற்றிக் கிளறிவிடுங்கள். ஆனால் கடந்த நான்கைந்து ஆண்டுகளாக எங்கள் வீட்டில் அதற்கு மிச்சம் இருப்பதில்லை. முட்டை மட்டும்தான் இருக்கிறது.